பி.எட். படிப்பும் குருப் புரட்டும்



நம் கிராமத்துப் பிள்ளையொன்று எப்படியோ முட்டி மோதிப் பி.ஏ.யோ பி.எஸ்ஸி.யோ தேறிவிடுகின்றது. அடுத்தது என்ன செய்வதென்று வீட்டார் கூடி யோசித்து, "வாத்தியார் உத்தியோகந்தான் மானமான உத்தியோகம், பி.எட். படிக்கட்டும்" என்று முடிவு செய்து, தாயார் காதிலும் கழுத்திலும் கிடந்ததை அடகு வைத்துப் பணம் கட்டுகின்றார்கள். இரண்டு வருஷம் கழித்து அப்பிள்ளை கையில் ஒரு சர்டிபிகேட்டுடன் வீட்டுக்கு வந்து சேருகின்றது. அப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்துவிட்டதா, அல்லது வேலையாவது கிடைத்துவிட்டதா என்று கேட்டால் இரண்டுக்கும் பதில் சொல்வாரைக் காணோம். இந்தப் படிப்பு யாருக்காக நடக்கின்றது என்பதையே இன்று சற்று விசாரிக்க வேண்டியிருக்கின்றது.

முதலில் ஒரு கூட்டத்தாருக்குப் பதில் சொல்லிவிடுவோம். "குரு என்பவர் பிறவியிலேயே குரு. ஞானம் அருளால் வருவது. அதைக் கல்லூரியில் சம்பளம் கட்டிக் கற்க முடியுமா?" என்பது இவர்கள் கேள்வி. பிறவியிலேயே குரு என்றால், எந்தப் பிறவியில் என்று கேட்கின்றோம். இதற்குப் பதிலை அவர்களுடைய புராணமே சொல்லுகின்றது. துரோணன் ஏகலைவனுக்கு ஒரு நாளாவது பாடம் சொன்னானா? இல்லை. ஆனால் தக்ஷணை மட்டும் கேட்டு வாங்கினான். அதுவும் வலது கைக் கட்டைவிரலையே வாங்கினான். இது கதைதானே என்பீர்களானால், கதையல்லாத ஒன்றையும் சொல்லுகிறோம். காங்கிரஸ் பணத்தையும் பொது ஜனங்கள் பணத்தையும் வாங்கி நடந்த சேரன்மாதேவி தேசீய குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளோடு அல்லாமல் தனியே சாப்பாடு போட்டார்கள். 1925-ல் அதன் மேல் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிவிட்டது. குரு, குருகுலம் என்கிற வார்த்தைகளின் யோக்கியதை இவ்வளவுதான்.

உபாத்தியாயர் என்பவர் வேறு. தச்சன் உளி பிடிக்கக் கற்பது போல், கரும்பலகையின் முன் நின்று நாற்பது பிள்ளைகளுக்கு விளங்கும்படி பேசக் கற்பதும் ஒரு வித்தை. பழகினால் அது யாருக்கும் வரும். பிறவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த அபிப்பிராயத்தின் மேல்தான் 1856-ல் சென்னையில் சர்க்கார் நார்மல் ஸ்கூல் ஏற்பட்டு, அதுவே பின்னால் சைதாப்பேட்டைக்குப் போய் ஆசிரியர் கல்லூரியாயிற்று. அதற்கு முன்னரே சாவித்திரிபாய் பூலே அம்மையார் அகமதுநகரிலும் பூனாவிலும் முறையாகப் பயிற்சி பெற்று, 1848-ல் தம் கணவர் ஜோதிராவுடன் சேர்ந்து பூனாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர் பள்ளிக்குப் போகும் வழியில் சாணியையும் சேற்றையும் வாரி வீசினார்கள். வீசியவர்கள் குருவைக் கடவுளென்று சொல்லும் வைதீகர்களேயன்றி வேறு யாருமல்லர். ஆகவே சூத்திரனுக்கும், தாழ்த்தப்பட்டவனுக்கும், பெண்ணுக்கும் உபாத்தியாயர் நாற்காலியைத் திறந்துவிட்டது பயிற்சிதான். பயிற்சி வேண்டாமென்பவர் நமக்கு நண்பரல்லர்.

நிற்க, அந்தப் பயிற்சி இன்று எந்த நிலையில் இருக்கின்றது என்று பாருங்கள். சட்டம் ஏட்டில் நன்றாகத்தான் இருக்கின்றது. ஒரு வருஷமாயிருந்த பி.எட். 2015 முதல் இரண்டு வருஷமாயிற்று. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பழக வேண்டும். இரண்டாவது வருஷத்தில் மட்டும் 16 வாரம். வகுப்புக்கு நூற்றுக்கு 80 நாளும், பள்ளிப் பழக்கத்துக்கு நூற்றுக்கு 90 நாளும் ஆஜராகியிருக்க வேண்டும் என்பது விதி.

நடப்பு என்ன? "தினம் வர வேண்டியதில்லை, சற்றுக் கூடப் பணம் கட்டிவிடு, பரீட்சைக்கு மட்டும் வா" என்பது பல இடங்களில் பகிரங்க வியாபாரமாயிருக்கின்றது. ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுப்பதற்கு ஆள். படம் வரைந்து கொடுப்பதற்குக் கடை. போன வருஷத்துப் பிள்ளையின் பாடத் திட்டத்தில் பேரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வகுப்பில் கூட நிற்காதவர் வகுப்பு நடத்தத் தகுதி பெற்றவராய் வெளியே வருகின்றார்.

இதன் காரணமும் மறைவானதல்ல. தமிழ்நாட்டில் பி.எட். சொல்லிக்கொடுக்கும் சர்க்கார் கல்லூரிகள் 7. உதவி பெறும் கல்லூரிகள் 14. மற்ற பல நூறும் சொந்தப் பணம் போட்டு லாபம் எடுப்பவர்களுடையவை. இந்தியா முழுதும் பயிற்சி நிலையங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 90 தனியார் கையில் இருப்பதை நீதிபதி வர்மா கமிஷன் 2012-லேயே எடுத்துக் காட்டிற்று. சாராயக் கடைக்கு லைசென்சு கொடுப்பது போல் கல்லூரிக்கும் லைசென்சு கொடுத்துவிட்டுச் சர்க்கார் கையைக் கழுவிக்கொண்டால், சரக்கு இப்படித்தான் இருக்கும்.

சர்டிபிகேட்டு வாங்கியாயிற்று. அப்புறம் என்ன? 2010 முதல் தகுதிப் பரீட்சை வந்தது. 150 மார்க்கில் 90 வாங்க வேண்டுமென்று அப்போது விதி இருந்தது. 2012 ஜூலையில் நம் மாகாணத்தில் நடந்த முதல் பரீட்சையில் ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள்; தேறியவர்கள் மூவாயிரம் பேர் கூட இல்லை. இதற்கு இரண்டே அர்த்தந்தான் உண்டு. ஒன்று, அத்தனை பேருக்கும் சர்க்கார் அங்கீகாரத்தோடு கொடுத்த பயிற்சி பொய். அல்லது, பரீட்சை பொய். எதுவாயிருந்தாலும் தண்டனை யாருக்குக் கிடைத்தது? பணம் வாங்கிய கல்லூரி முதலாளிக்கா? அங்கீகாரம் கொடுத்த அதிகாரிக்கா? நகை அடகு வைத்த தாயாருக்கும் அவள் பிள்ளைக்குந்தான்!

தேறியவர்கள் கதையாவது ஒழுங்காக முடிந்ததா என்றால் அதுவுமில்லை. 2014-ல் பள்ளி, கல்லூரி மார்க்கையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதென்றார்கள். 2018-ல் 149-ம் நம்பர் உத்திரவு போட்டு, தேறியவர்கள் இன்னொரு போட்டிப் பரீட்சை எழுத வேண்டுமென்றார்கள். 2013-ல் தேறியவர்களில் பலர் பத்து வருஷத்துக்குப் பிறகும் சென்னைத் தெருவில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். இவர்கள் இதற்கிடையில் தனியார் பள்ளியில் வாங்குகிற சம்பளம் பல ஊர்களில் சித்தாள் கூலிக்கும் குறைவு. உதவி பெறும் பள்ளிகள் சிலவற்றில் ஒரு காலி இடத்துக்கு இத்தனை லட்சம் என்று விலை பேசுவது ஊருக்கே தெரிந்த சங்கதி. துரோணனாவது ஒரு விரலோடு விட்டான்!

பயிற்சியின் உள்ளடக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜைகளின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதியாயிற்று. ஆனால் பயிற்சிக் கல்லூரியில் வருஷம் தொடங்குவது பூஜையோடு; ஹால் டிக்கெட்டை வைப்பது சரஸ்வதி படத்தின் காலடியில். கிரகணம் பூமியின் நிழல் என்று பாடத் திட்டம் எழுதினவர், கிரகணத்தன்று கர்ப்பிணித் தங்கையை இருட்டறையில் அடைக்கின்றார். கக்கூஸ் கழுவுவதற்குத் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து ஏவும் உபாத்தியாயரிடமும் இதே சர்டிபிகேட்டுதான் இருக்கின்றது. ஜாதிப் புத்தியைப் போக்காத பயிற்சி என்ன பயிற்சி?

ஆகவே நாம் கேட்பதாவது:

1. ஜில்லாவுக்கு ஒன்றாகவாவது சர்க்கார் பி.எட். கல்லூரி வேண்டும்; ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கூடாது.

2. வராதவனுக்குச் சர்டிபிகேட்டு கொடுக்கும் கல்லூரியின் அங்கீகாரத்தை ரத்துச் செய்ய வேண்டும்.

3. பரீட்சை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒரே பரீட்சை போதும். அதில் வகுப்பு நடத்திக் காட்டுவதற்கும் மார்க்கு வேண்டும்.

4. இத்தனை இடம் காலி என்று வருஷந்தோறும் அறிவித்து, வகுப்புவாரி உரிமைப்படி நிரப்ப வேண்டும்.

5. ஜாதி ஒழிப்பும் பகுத்தறிவும் பயிற்சியில் கட்டாயப் பாடமாக வேண்டும்.

கடைசியாக, நம் தோழர்களுக்கே ஒரு வார்த்தை. சர்க்காரையும் முதலாளியையும் திட்டிவிட்டு நாமே மறுநாள் "வராமல் படிக்க எங்கே இடம் கிடைக்கும்?" என்று விசாரிப்பது வெட்கக்கேடு. அப்படி வாங்கிய சர்டிபிகேட்டினால் நஷ்டமடைகிறவன், அதை வைத்திருப்பவன் முன் நாளைக்கு உட்காரப் போகிற கூலிக்காரன் பிள்ளை. பணக்காரன் பிள்ளைக்கு வீட்டில் இன்னொரு வாத்தியார் உண்டு. அந்தப் பிள்ளைக்கு வேறு நாதியில்லை. நம் தகப்பன் பாட்டன் காலத்தில் படிக்காதே என்று சொல்லி நம்மைக் கெடுத்தார்கள். படித்த நாமே ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் நம்மவரைக் கெடுத்தால் அதற்குப் பேர் என்ன?

பிள்ளையைச் சேர்க்குமுன் கல்லூரிக்கு நேரில் போங்கள். வகுப்பு எத்தனை நாள் நடக்கின்றது, எந்தப் பள்ளிக்கூடத்தில் பழக்குகின்றீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல விழிக்கிற இடத்தில் ஒரு காசும் கட்டாதீர்கள்.