குளிசை வாங்க முன்

பற்றீரியாவைப் படம் வரையச் சொன்னால் உயிரியல் படிக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் வரைவோம். ஒரு நீள்வட்டம், அதைச் சுற்றிச் சுவர், உள்ளே சுருண்டு கிடக்கும் டீஎன்ஏ, பின்னால் ஒரு சவுக்குமுளை. வெளிக்கோடு வழுவழுப்பாக இருந்தால் புள்ளி கிடைக்கும். ஆனால் உயிரோடு இருக்கும் பற்றீரியாவின் வெளிக்கோடு அப்படி வழுவழுப்பாக இருப்பதில்லை. அதன் வெளிமென்சவ்வு அங்கங்கே கொப்புளம் போல வீங்கி, சிறு உருண்டைகளாகக் கழன்று போய்க்கொண்டே இருக்கிறது. இவற்றைப் புடகங்கள் என்கிறார்கள். பெரும்பாலும் இருபது முதல் முந்நூறு நனோமீற்றர் வரையான விட்டம் உள்ளவை. நூறு நனோமீற்றர்ப் புடகங்களை வரிசையாக அடுக்கினால், ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஏறக்குறைய எண்ணூறு அடங்கும்.

இதை முதலில் கண்டவர்களில் இருவர் நமக்கு அயலவர்கள். 1967இல் சட்டர்ஜி, தாஸ் என்ற இரு இந்திய விஞ்ஞானிகள் வாந்திபேதிக் கிருமியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதன் சுவர்ப்பகுதி வீங்கிக் கழன்று வெளியேறுவதை எழுதி வெளியிட்டார்கள். அதே காலத்தில் இங்கிலாந்திலும் ஈ. கோலி பற்றீரியாவில் இதுபோன்றதைக் கண்டார்கள். அதற்குப் பின்னும் நெடுங்காலம் பலர் இவற்றை வெறும் கழிவென்றே நினைத்தார்கள். மரம் பட்டை உரிப்பது போல, அவ்வளவுதான்.

கழிவு இல்லை என்று தெரியவந்ததற்குக் காரணம், உருண்டைக்குள் இருந்த சாமான்கள். புரதங்கள், நொதியங்கள், சிலவேளை டீஎன்ஏ துண்டுகள் கூட இருந்தன. குடலைப் பொறுத்தவரை இது பெரிய விடயம். பெருங்குடலின் சுவரை இரண்டு படைச் சீதம் மூடியிருக்கிறது. சுகதேகியில் உட்படைக்குள் பற்றீரியா அனேகமாக நுழைவதில்லை. கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் நம்மோடு குடியிருந்தும் நமது கலங்களைத் தொடாமல் இருப்பது இதனால்தான். ஆனால் பற்றீரியா போக முடியாத இடத்துக்கு இந்தச் சின்ன உருண்டை போய்ச் சேரும். வீட்டு வாசலைத் தாண்டாத ஆள் கடிதம் அனுப்புவது மாதிரி.

கடிதத்தில் என்ன இருக்கும் என்பது அனுப்புகிறவரைப் பொறுத்தது. பக்டீரொயிடீஸ் பிரஜிலிஸ் என்ற குடல் பற்றீரியாவின் புடகத்தில் ஒரு வகைப் பல்சக்கரைட்டு இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியத் தொழினுட்ப நிறுவகத்தில் அந்தப் புடகங்களைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, நிர்ப்பீடனக் கலங்கள் அமைதியடைந்து, பெருங்குடல் அழற்சி வராமல் தடுக்கப்பட்டது. 2012இல் வெளிவந்த முடிவு இது. வாந்திபேதிக் கிருமியின் புடகத்திலோ கொலரா நச்சு இருக்கிறது. இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிக்கோபக்டரும் தன் நச்சை இப்படிப் பொதி கட்டி அனுப்புகிறது.

இப்படி ஒரு செய்தி வந்தால் அதைக் குப்பியில் அடைத்து விற்க ஆள் வந்துவிடும். சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு மருந்தென்று சொல்லும் விளம்பரங்களை நான் நம்பமாட்டேன். நல்ல பற்றீரியாவைக் கொடுத்து வைத்தியம் செய்யும் எண்ணம் பழையதுதான். 1917இல் அல்பிரட் நிஸ்லே என்ற ஜேர்மன் வைத்தியர், தோழர்கள் எல்லோரும் வயிற்றோட்டத்தில் விழுந்தும் தான் மட்டும் விழாத ஒரு போர்வீரனிடமிருந்து ஈ. கோலி வகையொன்றைப் பிரித்தெடுத்தார். அது இன்றும் மருந்தாக விற்பனையாகிறது. அதன் புடகங்கள் குடற்கலங்களோடு எப்படிப் பேசுகின்றன என்பதை இப்போதுதான் ஆராய்கிறார்கள். அதாவது நூறு வருடத்துக்குப் பிறகு! எனவே எருமைத் தயிரை அதன் ருசிக்காகச் சாப்பிடுவோம். அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்ற வேண்டாம்.

எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது வேறு. அது பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் தினமும் நடக்கிற ஒன்று. பிள்ளைக்கு வயிற்றாலே போகிறது. “போன முறை குடுத்த குளிசைதான், ஆறு தாங்க” என்று பார்மசியில் கேட்கிறோம். கேட்டால் கிடைக்கிறது. இரண்டு நாளில் வயிறு சரியாகிறது. குளிசைதான் சுகமாக்கியது என்று நம்பி, மிச்சத்தை அலுமாரியில் வைத்து, அடுத்த வீட்டுச் சாச்சி கேட்டால் அன்போடு எடுத்தும் கொடுக்கிறோம்.

சிறுபிள்ளைகளின் வயிற்றோட்டத்தில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. அன்டிபயோட்டிக் வைரசை ஒன்றும் செய்யாது. அது தாக்குவது பற்றீரியாவை. குடலில் இருக்கும் நல்லவற்றையும் சேர்த்துத்தான். இவ்வளவும் நாம் சாதாரண தரத்திலேயே கேள்விப்பட்டது. புடகங்களைப் பற்றி வாசித்த பிறகுதான் இதைவிடப் பெரிய ஆபத்து எனக்கு விளங்கியது.

பக்டீரொயிடீஸ் இனங்கள் சிலவற்றின் புடகத்தில், அமொக்சிசிலின் சேர்ந்திருக்கும் பீட்டா லக்டம் குடும்பத்து மருந்துகளைச் சிதைக்கும் நொதியம் இருக்கிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்தப் புடகங்கள் பக்கத்தில் இருந்தபோது சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி மருந்திலிருந்து தப்பியது. சல்மொனெல்லாவுக்குச் சொந்தமாக எந்த எதிர்ப்பும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக் குடையில் நனையாமல் நின்றுவிட்டது. வைத்தியசாலைகளில் தொற்றும் அசினெற்றோபக்டர் என்ற பற்றீரியாவோ ஒரு படி மேலே போய், மருந்தை எதிர்க்கும் பரம்பரையலகையே புடகத்தில் வைத்து இன்னொன்றுக்கு அனுப்புவதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். போதாததற்கு, சில அன்டிபயோட்டிக்குகள் படும்போது சில பற்றீரியாக்கள் வழக்கத்தைவிட அதிகமான புடகங்களை வெளியிடுகின்றன.

“என் வயிறு, என் குளிசை” என்று நாம் சொல்வது ஏன் சரியில்லை என்று இப்போது பாருங்கள். தேவையில்லாமல் விழுங்கிய ஆறு குளிசை நம் குடலில் எதிர்ப்புள்ள பற்றீரியாவைத்தான் மிச்சம் வைக்கும். அதே குடலுக்கு ஒரு நாள் உண்மையான நோய்க்கிருமி வரும்போது, அதற்குக் குடை பிடிக்க ஆள் தயாராக இருக்கும். அந்தக் கிருமி நம்மிடமிருந்து வீட்டில் இருக்கும் மூத்தம்மாவுக்கும் போகும், தொட்டிலில் இருக்கும் தம்பிக்கும் போகும்.

மறுபக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். வைத்தியசாலையில் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் தறியில் இருக்கும் வாப்பாவுக்கும் கடலுக்குப் போகும் வாப்பாவுக்கும் ஒரு காலைநேரம் வரிசையில் நிற்பது அன்றைய கூலியை விடுவது. பார்மசி ஐந்து நிமிடம். ஆகவே இந்தப் பழியை உம்மாமார் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. இலங்கைச் சட்டப்படி அன்டிபயோட்டிக் வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. கேட்பவர் பிள்ளைக்காகப் பதறி நிற்பவர். விற்பவர் படித்தவர். “இதைத் துண்டு இல்லாமல் தரமாட்டேன், ஆனால் இதைத் தருகிறேன்” என்று அவர் ஜீவனி பக்கெட்டை எடுத்து வைத்தால் என்ன?

அந்தப் பக்கெட்டின் கதையும் வாந்திபேதியோடு சேர்ந்ததுதான். 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற வைத்தியர், வாந்திபேதிக் கிருமி வெளியிடும் ஒரு நச்சுத்தான் குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று முயலின் குடலில் காட்டினார். குடற்சுவர் சிதைவதில்லை. சீனியோடு சேர்த்துக் கொடுத்தால் உப்பையும் நீரையும் அது அப்போதும் உறிஞ்சும் என்பதும் அந்த அறுபதுகளில் தெளிவானது. 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் சேலைன் தீர்ந்துபோனபோது, திலிப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. அந்த நீரைக் கொடுத்தவர்களில் அதிகமானோர் தாதியர் அல்ல, நோயாளிகளின் சொந்தக்காரர்கள்.

ஒரு பக்கெட் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பக்கெட்டை அரை லீற்றருக்கு என்று கண்ணால் பிரிக்கக் கூடாது. கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுக்கலாம். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை சோர்ந்து கண் குழி விழுந்தால், சிறுநீர் போகாவிட்டால் அன்றைய கூலியைப் பார்க்காமல் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே வைத்தியர் அன்டிபயோட்டிக் எழுதினால், அவர் சொன்ன நாள் முடியும்வரை கொடுங்கள். அலுமாரியில் வைக்க மிச்சம் இருக்காது.