சுற்றுலாவின் கடைசி நாள்

நம் பள்ளியில் சுற்றுலா அறிவிப்பு வந்ததும் எழும் முதல் வினா, 'எந்த ஊர்?' என்பது. அடுத்தது, 'எத்தனை நாள்?' என்பது. எங்கே சாப்பிடப் போகிறோம் என்று எவரும் கேட்பதில்லை. அது வழியில் தானாக நடந்துவிடும் என்று எண்ணிவிடுகிறோம். சென்ற ஆண்டுகளின் மலர்களைப் புரட்டிப் பாருங்கள். பயணக் கட்டுரைகளில் கோபுரத்தின் உயரம் இருக்கும். கட்டிய மன்னரின் பெயர் இருக்கும். அணைக்கட்டின் நீளம் இருக்கும். உணவைப் பற்றியோ, 'பின்னர் உணவருந்திவிட்டுப் புறப்பட்டோம்' என்ற ஒரே ஒரு வரிதான். என்ன உண்டார்கள், யார் சமைத்தார்கள், ருசித்ததா என்பதெல்லாம் அந்த வரிக்குள் அடங்கிப் போயிருக்கும்.

மேல்வகுப்பு மாணவியராகிய நாங்கள் இம்மலரின் வாயிலாக ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறோம். சுற்றுலாவின் கடைசி நாளில் புதிய இடம் எதையும் பார்க்க வேண்டாம். முந்திய நாள்களில் நமக்குப் பிடித்துப்போன உணவுக் கடைகளுக்கு மறுபடியும் சென்று, அனைவரும் ஒன்றாக அமர்ந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும். சிரிக்காதீர்கள், தோழியரே! 'சாப்பாட்டு ராமிகள்' என்று தள்ளிவிடாதீர்கள், பெற்றோரே! இதில் வயிற்றைத் தாண்டிய செய்தி ஒன்றும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

இவ்வாண்டு நாங்கள் மூன்று நாள் மதுரைக்குச் சென்றோம். மாணவியர் 42 பேர், ஆசிரியைகள் மூவர், சிஸ்டர் ஒருவர். கீழவெளி வீதியில் வியாகுல அன்னை பேராலயத்திற்கு அருகே தங்கினோம். முதல் இரண்டு நாள்களில் மீனாட்சியம்மன் கோயில், 1636-ஆம் ஆண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகால், தமுக்கத்தில் இராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி அருங்காட்சியகம் ஆகியவற்றைக் கண்டு களித்தோம். மூன்றாம் நாள் காலையில் அழகர் கோயில், அங்கிருந்து வேறு இரண்டு இடங்கள் என்று திட்டம். ஆனால் அன்று விடியற்காலையிலேயே எங்கள் பேருந்து படுத்துவிட்டது. மாலைக்குள் சரியாகிவிடும் என்றார் ஓட்டுநர். கையில் ஒரு முழுப் பகல் இருந்தது. "நடந்து போகிற தூரத்தில் எங்கே போகலாம், பிள்ளைகளா?" என்று சிஸ்டர் கேட்டார்கள். 42 வாய்களும் ஒரே குரலாகச் சொன்னது, முதல் நாள் சென்ற தெற்கு மாசி வீதி இட்டிலிக் கடையை!

முதன்முறை ஒரு கடைக்குள் நுழையும்போது நாம் அயலார். எங்கே கை கழுவுவது என்று தெரியாது. என்ன கேட்பது என்று தெரியாது. பரிமாறுகிறவர் வேகமாக ஒப்பிக்கும் பட்டியலில் காதில் விழுந்த கடைசிப் பெயரைச் சொல்லிவிட்டு, பக்கத்து இலையில் விழுவதைப் பார்த்து ஏங்குவோம். மூன்றாம் நாள் அப்படியில்லை. எந்த மூலையில் மின்விசிறி சுழலும், எந்தச் சட்னியை இரண்டாம் தடவை கேட்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துபடி. எங்களைக் கண்டதுமே பரிமாறும் அண்ணன், "அன்னைக்குக் காரச் சட்னி கேட்ட பிள்ளைகள்தானே? உக்காருங்க, உக்காருங்க" என்று இலை போட்டார். மதுரையில் எங்களை அடையாளம் கண்டு பேசிய முதல் மனிதர் அவர்தாம். மகாலின் தூண்கள் மிகப் பெரியவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அவை எங்களை 'மறுபடி வந்தீர்களா?' என்று கேட்கவில்லை.

பிடித்தமான கடை என்று ஒன்று முதல் நாளில் இருக்க முடியாது அல்லவா? நாலு இடத்தில் உண்டு பார்த்து, ஒப்பிட்டு, ஒன்றுக்கு மனம் திரும்பி வந்தால்தான் அது பிடித்த கடை. ஆகவேதான் கடைசி நாளைக் கேட்கிறோம்.

மதுரையின் வீதி அமைப்பைப் பற்றி வகுப்பில் படித்திருக்கிறோம். கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக வீதிகள் ஓடுகின்றன. தேர்வில் வரிசை மாறாமல் எழுதுவோம். நேரில் போனபோதோ முதல் நாளே வழி தவறினோம். மூன்றாம் நாள் அவ்வீதிகள் எங்களுக்கு வசப்பட்டன. இட்டிலிக் கடை தெற்கு மாசி வீதி. ஜிகர்தண்டா விளக்குத்தூண் பக்கம். முள்ளுமுருங்கை வடை மகாலுக்குப் பின்னால் உள்ள சந்து. இனி எந்தத் தேர்விலும் மறக்காது.

அந்த முள்ளுமுருங்கை வடையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெயர்தான் வடை, பார்வைக்குப் பச்சை நிறப் பூரி. முள்ளுமுருங்கை இலையை ஊறிய அரிசியோடு சேர்த்து அரைத்து, மெல்லியதாகத் தட்டி, எண்ணெயில் பொரித்து, மேலே மிளகாய்ப் பொடி தூவித் தருகிறார்கள். சளிக்கு நல்லது என்பது பெரியவர்கள் வாக்கு. வீட்டு வாசலில் அடுப்பு வைத்திருந்த அம்மையார் எங்களோடு தமிழிலும், உள்ளே இருந்த தம் மகளோடு வேறொரு மொழியிலும் பேசினார்கள். அது சௌராட்டிர மொழி. பல நூற்றாண்டுகளுக்கு முன் குசராத்துப் பகுதியிலிருந்து தெற்கே வந்து, நெசவுத் தொழிலால் மதுரையில் வேரூன்றியவர்கள் அம்மக்கள். சுங்குடிச் சேலை அவர்கள் கைவண்ணம். வரலாற்று நூலில் இது இரண்டு வரி. அங்கே நின்று, சூடு தாங்காமல் வடையைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே அம்மையாரிடம் கேட்ட செய்திகள் இரண்டு பக்கம் வரும். "எங்க வீட்ல மழை பெஞ்சா இதுதான்" என்று சொல்லிவிட்டு, எங்களில் இருமிக்கொண்டிருந்தவளுக்கு ஒன்று அதிகமாக வைத்தார்கள்.

விளக்குத்தூண் என்பது பழைய கோட்டை மதிலை இடித்து நகரை விரிவாக்கிய ஆட்சியர் பிளாக்பர்ன் நினைவாக எழுப்பப்பட்டது. அதன் அருகே விற்கும் ஜிகர்தண்டாவின் பெயரோ பாரசீகமும் இந்தியும் கலந்தது: 'ஜிகர்' ஈரல், நெஞ்சு என்றும் சொல்வர், 'தண்டா' குளிர்ச்சி. வற்றக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஒரு குவளைக்குள் எத்தனை ஊர், எத்தனை மொழி! பருத்திப்பாலைக் கண்டதும், "பருத்திக்கொட்டை மாட்டுக்கல்லவா வைப்பார்கள்?" என்று முகம் சுளித்தவள் ஒருத்தி. கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் தேங்காயும் சேர்த்துக் காய்ச்சிய அந்தப் பானத்தை இரண்டாம் முறை வாங்கியவளும் அவளே.

உணவைப் பற்றி எழுதுவது இலக்கியத்திற்கு இழுக்கு என்று கருதுவோருக்கு மாங்குடி மருதனாரைச் சுட்டிக் காட்டுகிறோம். பத்துப்பாட்டிலேயே நீளமான மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. நிலையாமையைப் பாண்டியனுக்கு உணர்த்த வந்த அப்புலவர், பகலில் நடக்கும் நாளங்காடியையும் இரவில் நடக்கும் அல்லங்காடியையும் விட்டுவிடவில்லை. தின்பண்டம் விற்போரையும் பாடியிருக்கிறார். தூங்கா நகரம் என்ற பெயர் நேற்று வந்ததன்று. (மதுரையில் கோவலன் உண்ட கடைசி உணவு, மாதரி வீட்டில் கண்ணகி சமைத்தது என்பதை எங்கள் தமிழாசிரியை அன்று நடுப் பந்தியில் நினைவூட்டினார்கள். "டீச்சர், இதை இப்போதா சொல்வது!" என்று கத்தினோம்.)

இனி மறுப்புகளுக்கு வருவோம். 'கடைச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது' என்பது அன்னையர் கூற்று. அக்கறையில் பிறந்த சொல், மதிக்கிறோம். ஆனால் எங்கள் கண்ணெதிரே ஆவி பறக்க எடுத்த இட்டிலியால் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. அப்பயணத்தில் வயிறு கெட்டவர்கள் இருவர்; இருவரும் முதல் நாள் மாலை வரை தூக்குச்சட்டியில் வைத்திருந்த கட்டுச் சோற்றை வீணாக்க மனமின்றி உண்டவர்கள்! கூட்டம் உள்ள கடை, சூடான பண்டம், நம் புட்டியில் கொண்டுபோன தண்ணீர் என்று மூன்றைக் கடைப்பிடித்தால் போதும். 'பெண்பிள்ளைகள் கடைத்தெருவில் நின்று தின்பதா?' என்று கேட்கும் பாட்டிமாருக்கு ஒன்றே சொல்வோம்: சமைப்பது பெண்ணுக்கு அழகு என்றால், இன்னொருவர் சமைத்ததை உட்கார்ந்து உண்பதும் அழகுதான். அந்தச் சந்தில் விற்றவரும் ஒரு பெண்தானே!

முன்னே சொல்கிறோம் என்ற செய்திக்கு இப்போது வருகிறோம். இரண்டாம் நாள் மாலை, "விருப்பப்பட்டதை அவரவர் வாங்கிச் சாப்பிடலாம், ஒரு மணி நேரம்" என்று அனுமதி கிடைத்தது. நல்லெண்ணத்தோடு கொடுத்த அனுமதிதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் 42 பேரும் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டோம். ஒரு கூட்டம் கடைக்குள் போயிற்று. மற்றொன்று பேருந்திலேயே இருந்தது. 'பசிக்கவில்லை' என்றாள் ஒருத்தி. 'வயிறு சரியில்லை' என்றாள் இன்னொருத்தி. 'வெளியில் சாப்பிடக் கூடாதென்று வீட்டில் சொல்லி அனுப்பினார்கள்' என்றாள் மற்றொருத்தி. இச்சொற்களின் பொருள் எங்களுக்குத் தெரியும். இதை எழுதுகிற எங்களிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. பயணக் கட்டணத்திற்கே வீட்டில் பட்ட பாட்டைக் கண்டவள், கைச்செலவுக்கு என்று இன்னொரு முறை கை நீட்டமாட்டாள். பள்ளியில் ஒரே சீருடை. அதனால் யார் வீடு எப்படி என்று தெரிவதில்லை. கடைவாசலில் தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் நடந்தது வேறு. போகாத இடங்களுக்கு ஒதுக்கிய கட்டணமும் அன்றைய மதிய உணவுத் தொகையும் கையில் இருந்தன. சிஸ்டர் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, எல்லாருக்கும் ஒரே கணக்காகக் கடைகளில் தாமே கொடுத்தார்கள். எவளும் பணப்பையைத் திறக்கவில்லை. அன்று ஒருத்திக்குக்கூட வயிறு சரியில்லாமல் இல்லை! முந்திய மாலை பசிக்கவில்லை என்றவள் ஏழு இட்டிலி உண்டாள். நாங்கள் எண்ணினோம், அவளும் எண்ணினாள்.

உணவுக் கடையில் யார் எங்கே உட்காரலாம் என்பது நம் நாட்டில் சிறிய வினாவாக இருந்ததில்லை. தென்னாட்டு ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்றிருந்த வழக்கம் 1941-இல்தான் நீங்கியது. அந்தத் தடுப்பு போயிற்று. பணப்பையின் தடுப்பு இன்னும் இருக்கிறது. அதை நாடு முழுவதும் நீக்க நம்மால் ஆகாது. நம் சுற்றுலாவில் நீக்க ஆகும்.

ஆகவே நிர்வாகத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். கடைசி நாள் உணவுச் செலவைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். பார்க்கும் இடங்களில் இரண்டைக் குறைத்தால் கட்டணமும் ஏறாது என்பது எங்கள் கணக்கு. கட்டணம் கட்ட இயலாதவர்க்குப் பள்ளி ஓசையின்றி உதவி வருவதை அறிவோம். அவ்வுதவிக்குள் இதுவும் அடங்கிவிடும். தனியாகக் கைச்செலவுப் பணம் கொண்டுவரக் கூடாது என்று அறிவித்துவிட்டால் இன்னும் நல்லது. வசதியுள்ள தோழியருக்கு இது சற்றுக் கசக்கலாம். கேட்டுப் பார்த்தோம், அவர்களில் பலர் சரி என்கிறார்கள்.

எங்களுக்கு மூன்றாம் நாள் கிடைக்காமற்போனது ஒன்று உண்டு. சிம்மக்கல் கோனார் கடையின் கறி தோசை. அடியில் தோசை, நடுவே முட்டை, மேலே கொத்துக்கறி என்று மூன்றடுக்கு. இரண்டாம் நாள் இரவு சிஸ்டர் ஆளுக்குப் பாதி வாங்கித் தந்தார்கள். மறுநாள் மறுபடி கேட்கலாம் என்றிருந்தோம். கடையில் அடுப்பு மூட்டும் முன்பே பேருந்து சரியாகிவிட்டது.

அடுத்த ஆண்டு தஞ்சாவூர், கும்பகோணம் என்று பேச்சு அடிபடுகிறது. போகப்போகும் தங்கையரே, முதல் நாளே ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் எந்தக் கடை, எது நன்றாக இருந்தது, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதை எழுதி வையுங்கள். இரண்டாம் நாள் இரவு கைதூக்கி வாக்கெடுங்கள். கும்பகோணத்தில் காப்பிக்கென்று தனியாக அரை மணி கேளுங்கள். ஓட்டுநர் அண்ணனையும் உள்ளே அழைத்துப்போனால் அவர் அவசரப்படுத்தமாட்டார்.