மருந்து அல்ல, நஞ்சு!



களைக்கொல்லி ஆனாலும் பூச்சிக்கொல்லி ஆனாலும் நமக்கு அது "மருந்து"தான். "இன்னிக்கு என்ன வேலை?" என்று கேட்டால் "மருந்தடிப்பு" என்கிறோம். மருந்து உடம்பைத் தேற்றுவது. நாம் முதுகில் சுமப்பதோ உயிரை எடுப்பது. மருந்து, மருந்து என்று சொல்லிச் சொல்லியே நமக்குப் பயம் விட்டுப்போயிற்று.

என் தாயார் வேறொரு தோட்டத்தில் பல வருடம் பம்பு சுமந்தவர். நகம் கறுத்து உதிரும். சில நாள் மூக்கில் ரத்தம் வரும். "உடம்புச் சூடுடா தம்பி" என்று சொல்லிவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுவார். வெறும் டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்ததும் உண்டு. அது என்ன நஞ்சு என்று அவருக்குச் சொன்னவர் ஒருவருமில்லை.

அந்நாளில் நம் நாட்டுத் தோட்டங்களில் அதிகம் புழங்கிய களைக்கொல்லி பாராகுவாட். கிராமக்ஸோன் என்றால் பழையவர்களுக்குத் தெரியும். ஒரு வாய் உள்ளே போனாலே நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொல்லக்கூடியது. அதற்கு முறிமருந்து கிடையாது. 2002-இல் அதை நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் மறுபடியும் அனுமதித்தது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இடையில் பதினேழு ஆண்டுகள்! அத்தனை காலமும் பம்பு சுமந்தவர்களில் எத்தனையோ பேர் நம் பெண்கள்.

பாராகுவாட் போனதோடு கவலை தீர்ந்ததா? டின்தான் மாறியிருக்கிறது. இங்கே கோலா தெர்லா பக்கம் தேயிலையிலும் மருந்தடிப்பு, காய்கறித் தோட்டத்திலும் மருந்தடிப்பு. டின்னில் இருப்பது என்னவென்று தெரிந்து அடிப்பவர்கள் எத்தனை பேர்?

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், ரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டின் விதிகளும் என்ன சொல்கின்றன? ஒவ்வொரு நஞ்சுக்கும் உரிய பாதுகாப்புத் தகவல் தாளைத் தொழிலாளி பார்க்கக்கூடிய இடத்தில் முதலாளி வைக்க வேண்டும். ஆபத்தை விளக்கிப் பயிற்சியும் தர வேண்டும். கையுறைக்கும் முகமூடிக்கும் நம்மிடம் காசு பிடிக்கக்கூடாது. புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது.

அந்தத் தாளில் பதினாறு பகுதிகள். அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டாம் பகுதி ஆபத்தைச் சொல்லும். நான்காவது முதலுதவியைச் சொல்லும். எட்டாவது எதை அணிய வேண்டும் என்று சொல்லும். இந்த மூன்றையும் மண்டோரோ கிராணியோ நமக்குப் புரியும் மொழியில் வாசித்துச் சொல்லட்டும். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளிக்கும் அவன் மொழியில் சொல்லட்டும். அவன் நுரையீரலும் நம்முடையது போலத்தான்.

நம் மீதும் குற்றம் உண்டு. கையுறை கொடுத்தால் "பிடி வழுக்குது" என்று கழற்றி வைக்கிறோம். நஞ்சு பட்ட சட்டையோடு பிள்ளையைத் தூக்குகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, "பயிற்சி பெற்றேன்" என்ற தாளில் ஒரு வரி வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தக் கையெழுத்தே நமக்கு எதிராகப் பேசும். "வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடறேன்" என்று சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். அதற்காகத்தான் சங்கம் இருக்கிறது.

டின்னை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதன் லேபிளை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்து வாருங்கள். மலாய் படிக்கும் நம் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கிறார்கள். வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவும் அப்பாவும் எதை முதுகில் சுமக்கிறார்கள் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.