வாசகர் கேள்வி: நம் எண்ணெய்ப் பெயர் கடல் தாண்டுமா?

கேள்வி: எங்கள் உழவர் குழு ஐந்து ஆண்டுகளாக ஒரு பெயர் போட்டு நல்லெண்ணெய் விற்கிறது. அந்தப் பெயரை இங்கே பதிவு செய்துவிட்டால், மலேசியாவில் வேறொருவர் அதே பெயரில் விற்பதைத் தடுக்கலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இங்கே செய்த பதிவை மட்டும் வைத்து அங்கே தடுக்க முடியாது. டிரேட் மார்க் எனப்படும் வணிகக் குறி, பதிவான நாட்டுக்குள் மட்டுமே செல்லும். எல்லை தாண்டினால் நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் வேண்டும். அதை யார் பேசி முடிக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

ஒரு பழைய சேதி சொல்கிறேன். கொரியாவில் தங்கள் சரக்கின் குறிகளைப் போலி செய்கிறார்கள் என்று அமெரிக்க வணிகர்கள் முறையிட்டு வந்தார்கள். கொரியாவின் வெளியுறவு 1905 முதல் ஜப்பான் கையில் இருந்தது. அதனால் அமெரிக்கா ஜப்பானோடு பேசி, 1908 மே 19 அன்று வாஷிங்டனில் ஒப்பந்தம் செய்தது. ஜப்பானில் உள்ளதைப் போன்ற வணிகக் குறிச் சட்டத்தைக் கொரியாவில் ஜப்பான் நடைமுறைப்படுத்த வேண்டும். அமெரிக்கருக்கும் அதில் சம பாதுகாப்பு. பதிலுக்கு, குறி மீறிய அமெரிக்கரைத் தன் தூதரக நீதிமன்றத்தில் விசாரிக்கும் உரிமையை அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. வழக்கு இனி கொரியாவிலிருந்த ஜப்பானிய நீதிமன்றத்துக்கு.

சந்தை கொரியர்களுடையது, கையெழுத்திட்டவர்களில் கொரியர் ஒருவர்கூட இல்லை. தரகர் இருவர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேச, மாட்டுக்காரர் வெளியே நின்ற கதைதான். 1910-இல் நாடே ஜப்பானோடு இணைக்கப்பட்டது.

இன்று நம் நிலை அப்படியல்ல. மாட்ரிட் நெறிமுறை என்ற உடன்பாட்டில் இந்தியா 2013-லும் மலேசியா 2019-லும் சேர்ந்துள்ளன. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள்தான்.

முதலில் உங்கள் பெயரை வேறு யாரும் பதிந்துள்ளார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இங்கே விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு பொருள் வகைக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தைக் கொண்டே மாட்ரிட் வழியாக மலேசியாவுக்கும் கேட்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஐந்து ஆண்டு ரசீதுகளையும் பழைய லேபிள்களையும் பத்திரமாக வையுங்கள். நம் நாட்டில் முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்றவர் என்பதற்கு அவையே சாட்சி.