ரத்தம் எடுத்தாயிற்று, அப்புறம்?

கர்ப்ப காலச் சர்க்கரை நோய்க்கான சோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயம் என்று இந்தியாவில் முதலில் ஆக்கிய மாநிலம் தமிழ்நாடு. அது 2007-ல். மத்திய அரசு இதற்கென்று தேசிய வழிகாட்டுதல் வெளியிட 2014 வரை ஆனது. குறை சொல்ல ஆயிரம் இருந்தாலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தச் சோதனை செய்யப்படும் விதத்திலேயே ஏழைப் பெண்ணை நினைத்துப் பார்த்த ஒரு மனம் இருக்கிறது.

பழைய முறையில் இரவு முழுக்கப் பட்டினி இருந்து காலையில் வர வேண்டும். ஒரு முறை ரத்தம், குளுக்கோஸ் குடித்தபின் மறுபடி மறுபடி ரத்தம். புவனகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண் வெறும் வயிற்றோடு எப்படி வருவாள்? "நாளைக்குச் சாப்பிடாமல் வாம்மா" என்று திருப்பி அனுப்பினால் அவளுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. பெரும்பாலும் அவள் திரும்பி வருவதும் இல்லை. சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷையாவும் அவரோடு இருந்தவர்களும் இதைப் பார்த்துத்தான் ஒரே வருகையில் முடிகிற முறையை வற்புறுத்தினார்கள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. முதல் வருகையில் ஒரு முறை, அப்போது இல்லையென்றால் 24-லிருந்து 28-வது வாரத்துக்குள் இன்னொரு முறை. கூலிக்காரப் பெண்ணின் நாளைக் கணக்கில் எடுத்த மருத்துவம் இது. இப்படி இன்னும் பல சோதனைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்: ரத்தசோகைக்கான ஹீமோகுளோபின், எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை 'பி' வகை, ரத்த வகை, சிறுநீர்.

அப்படியானால் சிக்கல் எங்கே? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019-21 கணக்கின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 கணக்கில் அது 44.4 ஆக இருந்தது. பெண்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள், ஊசி குத்தி ரத்தமும் எடுக்கிறோம், அட்டையில் எண்ணும் எழுதுகிறோம். ஆனால் அந்த ரத்தம் ஊறவில்லை.

கர்ப்பிணிக்கு 11 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும். 7-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. பிரசவத்தில் கொஞ்சம் அதிகமாக உதிரம் போனாலே உயிருக்கு ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், மோசமாக இருந்தால் நரம்பு வழியாக இரும்பு மருந்தும் ஏற்றுகிறார்கள். மாத்திரையைத் தின்றால் மலம் கறுக்கிறது, குமட்டுகிறது, நிறுத்திவிடுகிறார்கள். பசிக்கு டீயைக் குடித்துவிட்டு அதன்மேல் மாத்திரை போட்டால் டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

சர்க்கரை வந்த பெண்ணுக்கு முதல் வைத்தியமே சாப்பாடுதான். "சோற்றைக் குறை, காய், கீரை, பருப்பு, முட்டை சேர்த்துக்கொள்" என்கிறார்கள். சரியான அறிவுரைதான். ரேஷன் அரிசி இருப்பதால் அடுப்பெரியும் வீட்டில் சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது? காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவுக்கும் களைக்கும் போகிறவள், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துக் கையெல்லாம் பால் பட்டுப் பொசுங்கியவள், நாங்கள் பேசிய பெண்கள் பலரும் இதையேதான் கேட்டார்கள். எட்டாம் மாதத்திலும் குனிந்து வேலை செய்கிறவளுக்கு ஓய்வு என்ற மருந்தை எந்தச் சீட்டில் எழுதுவது?

1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். இதன் சுமையில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆலைப் பெண்ணுக்காவது முதலாளி என்று ஒருவர் உண்டு. நம் பெண்களுக்கு நிலையான முதலாளியே கிடையாது. எனவே அரசுதான் முதலாளி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் அந்த வேலையைத்தான் செய்கிறது: பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய். ஆனால் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்பது விதி. ரத்தசோகை யாரைக் கடுமையாகப் பிடிக்கும் என்று எந்தச் செவிலியரைக் கேட்டாலும் சொல்வார்: சின்ன வயதில் கருவுற்றவளை, மூன்றாவது நான்காவது சுமப்பவளை. விதி சரியாக அந்த இருவரையும் வெளியே நிறுத்துகிறது. மூன்றாவது பிள்ளை வேண்டும் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் அவளும் அல்ல. ஆண் பிள்ளைக்காக வீடு தீர்மானிக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லாத மாவட்டம் நம்முடையது. தண்டனை மட்டும் தாய்க்கு.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். அந்தக் கட்டடம் ஊர்த்தெருவில் இருக்கிறதா, காலனிப் பக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு தலித் பெண் அங்கே எத்தனை முறை போவாள் என்பது மாறும். கிள்ளைப் பக்கம் இருளர் குடியிருப்புகளுக்கு அந்தத் தூரம் இன்னும் அதிகம். செவிலியர்களைக் குறை சொல்லவில்லை. அத்தனை பேருக்கும் ஒருவர் என்றால், எந்தத் தெரு விடுபடும் என்பதைத்தான் கேட்கிறோம். நம் மாவட்ட மக்களில் பத்தில் ஏறத்தாழ மூன்று பேர் பட்டியல் சாதியினர்.

பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு ஓட்டை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். பிக்மி எண் கூடவே போகிறது. அதில்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது சிரமம் என்பதால் யாரும் அதைத் தொலைப்பதில்லை. ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவளுக்கு, குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் மறுபடி சோதனை செய்ய வேண்டும். பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். தாய்வீட்டு ஊருக்கும் புகுந்த ஊருக்கும் நடுவில் அந்த ஆறாவது வாரம் காணாமல் போகிறது.

பெரிய சிக்கல் என்றால் சிதம்பரம். அண்ணாமலை நகரிலிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021 ஜனவரியில் சுகாதாரத் துறைக்கு மாறி அரசுக் கல்லூரியானது. அரசுக் கல்லூரிக் கட்டணம் கேட்டு மாணவர்கள் வாரக்கணக்கில் போராடியதன் விளைவு அது. நல்ல மருத்துவமனை கிடைத்தது. ஆனால் அது மாவட்டத்தின் கிழக்கு ஓரம். திட்டக்குடியும் வேப்பூரும் மேற்கு ஓரம்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது பெரிய திட்டம் எதுவும் அல்ல, கணக்கு. துணை சுகாதார நிலைய வாரியாக, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளைத் தனியாகக் காட்டி: எத்தனை பேருக்குச் சோதனை நடந்தது, எத்தனை பேருக்கு 11-க்குக் கீழ், அவர்களில் எத்தனை பேருக்குப் பிரசவத்துக்கு முன் 11-ஐத் தொட்டது, சர்க்கரை வந்தவர்களில் எத்தனை பேர் ஆறாவது வாரம் வந்தார்கள்? பெயர் வேண்டாம், எண் போதும். அட்டைகளிலும் கணினியிலும் இருப்பதைக் கூட்டிப் போடுகிற வேலைதான். தகவல் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்டு எழுத கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பக்கத் தாளும் பத்து ரூபாயும் போதும்.

இதைக் கேட்பதற்கென்றே ஒரு குழு காகிதத்தில் இருக்கிறது: கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு. ஊராட்சித் தலைவர்தான் தலைமை. அந்த நாற்காலிக்கு நம் மாவட்டத்தில் என்ன மரியாதை என்பதை, தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட தெற்குத்திட்டைப் படத்தில் 2020-ல் நாடே பார்த்தது. 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலமும் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஆனாலும் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 என்று கிராம சபை நாட்கள் வருகின்றன. அன்றைக்குச் செவிலியரின் பதிவேட்டை மேசைமேல் வைக்கச் சொல்லி, நம் தெருவில் எத்தனை பேருக்கு 11-க்குக் கீழ் என்று மட்டும் கேளுங்கள். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.