காய்ச்சல் இறங்கினால் கண்டம் தப்பியதா?

விஷக்காய்ச்சலால் ஒருவர் மாண்டுவிட்டால் நமது ஜனங்கள் அதற்குச் சொல்லும் காரணம் வழக்கமாக மூன்றுதான். ஒன்று, விதி முடிந்தது என்பது. இரண்டு, ஆத்தாள் கோபம் என்பது. மூன்று, நன்றாயிருந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள் என்பது. இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் சொல்லுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதாவது, அதற்குமேல் யோசிக்கவேண்டிய வேலை அவருக்கு இல்லை.

ஆனால் இந்த மூன்றுமல்லாத நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது. டெங்கு, இன்புளுயன்சா, கொரோனா ஆகிய வைரஸ் கிருமிகளால் வரும் காய்ச்சல் முற்றிப்போனவர்களில் அநேகருக்குச் சிறுநீரகம் வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. நெஞ்சு வலித்தால் மனிதன் கத்துகிறான். மூச்சு முட்டினால் பக்கத்திலிருப்பவர்களுக்குத் தெரிகிறது. சிறுநீரகம் நின்றாலோ பெரும்பாலும் வலியுமில்லை, சத்தமுமில்லை. வீட்டிலிருப்பவர்கள் கண்ணால் காணக்கூடிய அடையாளம் முக்கியமாக ஒன்றே. அது மூத்திரம் குறைவதாகும்.

மூத்திரம் என்கின்ற வார்த்தையைத் தலையங்கத்தில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மாட்டின் மூத்திரத்தைப் பஞ்சகவ்வியத்தில் சேர்த்துக் கையேந்தி வாங்கிக் குடிக்கிற நாட்டில், மனிதன் மூத்திரத்தைப் பற்றிப் பேசுவது மாத்திரம் அசிங்கமாகிவிட்டது! பேச வெட்கப்பட்டதால் உயிர் போகிறதென்றால் அந்த வெட்கம் நமக்கு வேண்டியதில்லை.

கறிக்கடையில் குண்டிக்காய் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் சிறுநீரகம். நமக்கு இரண்டு உண்டு. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. நம் இருதயம் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. அதில் ஏறக்குறைய 1 லிட்டர் இந்த இரண்டு காய்களுக்கே போகிறது. அவை ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, அதில் வேண்டியதையெல்லாம் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவே கழிவாக வெளியே தள்ளுகின்றன. ஆகவே, ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் பட்டினி கிடக்கும் உறுப்புகளில் ஒன்று சிறுநீரகம் என்பது விளங்கும். வாய்க்காலில் தண்ணீர் வராதபோது மடையைத் திறந்துவைத்து என்ன பயன்?

இனி, காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம். டெங்கு முற்றினால் ரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, ரத்தத்திலுள்ள நீர் வயிற்றிலும் நெஞ்சிலும் போய்த் தங்கிவிடுகிறது. குழாய்க்குள் ரத்தம் கெட்டிப்பட்டு அழுத்தம் விழுகிறது. கொரோனா முற்றினால் உடம்பு கிருமியோடு நடத்தும் சண்டையின் சூடே பல உறுப்புகளைத் தாக்குகிறது. நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறைகிறது. நுரையீரல் கெட்டுப் பிராணவாயு குறைகிறது. இவை எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தின் தலையில் விழுகின்றன. 2020-ம் வருஷம் மார்ச், ஏப்ரலில் நியூயார்க் வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 5,449 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்ததில், 100-க்கு 36 பேருக்குமேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. மூச்சு இயந்திரம் பொருத்தப்படாதவர்களில் அது 100-க்குச் சுமார் 22 பேர். பொருத்தப்பட்டவர்களிலோ 100-க்குச் சுமார் 90 பேர். ஆகவே, நோய் முற்றின இடத்தில் சிறுநீரகம் கெடுவது அபூர்வமல்ல என்பது தெளிவு.

நிற்க, அமெரிக்காவை விட்டுவிட்டு நமது அன்னவாசலுக்கு வருவோம். அந்தப் பக்கத்தில் கூலி வேலை செய்யும் ஒருவருக்கு டெங்குக் காய்ச்சல் வந்ததாக வைத்துக் கொள்ளுவோம். முதல் இரண்டு நாள் வீட்டிலேயே கஷாயம். மூன்றாம் நாள் மந்திரிப்பும், நார்த்தாமலை முத்துமாரிக்கு நேர்த்திக்கடனும். அதோடு உள்ளூரில் படிப்பில்லாத வைத்தியர் ஒருவரிடம் இடுப்பில் ஒரு ஊசி. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்குகிறது. உடனே, "ஆத்தா இறங்கிவிட்டாள், கண்டம் தப்பியது" என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள்.

தோழர்களே, டெங்குவில் பெரிய ஆபத்து ஆரம்பிக்கும் நேரம் பெரும்பாலும் அதுதான்! மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்குகிற சமயத்தில்தான், சிலருக்கு நாம் மேலே சொன்ன கசிவு உண்டாகிறது. அந்த ஒன்றிரண்டு நாளைக் கவனித்துக் கடத்திவிட்டால் பிழைத்தார். "ஆத்தா இறங்கினாள்" என்று படுக்க வைத்துவிட்டால், கை கால் சில்லிட்டு, மூத்திரம் நின்று, புத்தி தடுமாறின பிறகு வண்டி தேட வேண்டியதுதான். பிறகு ஆஸ்பத்திரியில் மாண்டால் பழி ஆஸ்பத்திரிக்கு. தப்பிப் பிழைத்தால் பெருமை ஆத்தாளுக்கு. இந்தக் கணக்கில் சாமிக்கு நஷ்டமே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஊசியின் சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். காய்ச்சலுக்கும் மேல்வலிக்கும் என்று போடப்படும் ஊசியும் மாத்திரையும் பல சமயங்களில் டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற வலி மருந்துகளாக இருக்கின்றன. ரத்தம் குறைந்த வேளையில் சிறுநீரகம் தனக்கு வரும் குழாயை விரித்துக்கொண்டு ஒருவாறு சமாளிக்கிறது. இம்மருந்துகள் அந்த வழியையே குறுக்கிவிடுகின்றன. டெங்குவில் ரத்தப்போக்கையும் இவை அதிகப்படுத்தக்கூடும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலை, அதுவும் சொன்ன அளவில் மாத்திரம் கொடுக்கவேண்டும் என்று டாக்டர்கள் தொண்டை கிழியச் சொல்லுவது இதற்காகத்தான். "ஊசி போட்டால்தான் வைத்தியம்" என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. அது கோவிலில் இல்லாமல் கடைத்தெருவில் இருப்பதால் பகுத்தறிவு ஆகிவிடாது.

நாம் பக்தர்களைப் பரிகாசம் செய்வதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை நினைத்துப் பார்க்கும்படியே கேட்கிறோம். பெரியம்மைக்குப் பல நூறு வருஷங்களாகக் கூழ் ஊற்றினோம், வேப்பிலை கட்டினோம், தீ மிதித்தோம். அம்மை போகவில்லை. அம்மை குத்தும் வேலை வீடு வீடாக நடந்து முடிந்த பிறகு, 1975-ல் இந்தியாவைவிட்டே போயிற்று. 1980-ல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. 2020-ல் கொரோனா வந்தபோது கோவில், மசூதி, சர்ச் எல்லாம் பூட்டப்பட்டன. பூட்டப்படாமல் இரவு பகலாகத் திறந்திருந்தது ஆஸ்பத்திரிதான். ஆபத்துக் காலத்தில் எது மனிதனுக்கு உதவும் என்பதை இதைவிட எப்படி ருஜுப்படுத்துவது?

இதில் பெண்கள் படும் பாட்டைத் தனியே சொல்லவேண்டும். வெளியே போக இடமில்லாத காரணத்தால் தண்ணீரே குடிக்காமலிருந்து பழகின பெண்கள் நம் கிராமங்களில் எத்தனை பேர்! காய்ச்சலில் கிடக்கும்போது, காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை என்று புருஷனிடமோ மாமியாரிடமோ சொல்லக் கூசுகிறார்கள். கேட்பாரும் இல்லை. ஆண் படுத்தால் அன்றே வண்டி பிடிக்கும் குடும்பத்தில், பெண் படுத்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்பதுதான் முறையாயிருக்கிறது. இந்த நாளை என்பதுதான் எமன்.

சரி, சிறுநீரகம் நின்றேவிட்டால் என்ன செய்வது? டயாலிசிஸ் என்று சொன்னதும் பல குடும்பங்கள் நோயாளியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. "ஒருதரம் போட்டால் ஆயுசு முழுவதும் போடவேண்டும்" என்று பயப்படுகிறார்கள். இது தப்பு. பல வருஷமாகச் சர்க்கரை வியாதியாலும் ரத்த அழுத்தத்தாலும் தேய்ந்துபோன சிறுநீரகம் வேறு. நேற்றுவரை நன்றாயிருந்து காய்ச்சலில் திடீரென்று நின்றது வேறு. டயாலிசிஸ் செய்யவேண்டிய அளவுக்கு முற்றினவர்களில் பாதிப்பேர் அளவுக்கு மாண்டுபோகிறார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பிழைத்தெழுகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் சில நாள்களிலோ வாரங்களிலோ திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்கிறது, இயந்திரத்தை விட்டுவிடுகிறார்கள். இயந்திரம் அந்த நாள்களைக் கடத்திக் கொடுக்கும் தோணி.

அந்தத் தோணி எப்படி வந்தது? இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த ஹாலந்து தேசத்தில், வில்லெம் கோல்ப் என்னும் டாக்டர் 1943-ல் செல்லோபேன் குழாயை மரச்சட்ட உருளையில் சுற்றி ஒரு செயற்கைச் சிறுநீரகம் செய்தார். ஆரம்பத்தில் அவரிடம் வந்தவர்களில் அநேகமாக எல்லோரும் மாண்டார்கள். அவர் விதி என்று விட்டுவிடவில்லை. எங்கே தவறு என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார். 1945-ல் நினைவிழந்து கிடந்த 67 வயது ஸ்திரீ ஒருத்தி அந்த இயந்திரத்தால் கண் விழித்தாள். அவள் எதிரிகளுக்கு உடந்தையாயிருந்ததற்காகச் சிறையிலிருந்தவள். உயிரைக் காப்பதில் எதிரி என்றும், நம்மவன் என்றும் வித்தியாசம் பாராட்டாதது மனிதத் தன்மையாகும்.

ஜனங்களுக்கு மாத்திரம் புத்தி சொல்லிவிட்டுச் சர்க்காரைச் சும்மா விட்டுவிட நாம் தயாராயில்லை. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, பெண் படிக்கலாமா என்ற எதிர்ப்பைத் தாண்டி மகாராஜா கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டியாரைத் தந்த சீமை இது. அந்தப் புதுக்கோட்டைக்குச் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2017-ல்தான் வந்தது. இப்போதாவது வந்ததே என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் முற்றின நோயாளி ஒவ்வொருவரும் ஜில்லாத் தலைநகர் வரையில் போய்த்தான் தன் சிறுநீரகத்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அது ஏழைக்கு நியாயமாகாது. மூத்திரம் குறையாமலே சிறுநீரகம் கெடுவதும் உண்டு. அதை ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் அளவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தச் சோதனை அன்னவாசல் போன்ற சிற்றூர் ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் அன்றைக்கன்றே முடிவு தெரியும்படி நடக்கவேண்டும். காய்ச்சல் நோயாளியின் கட்டிலில் உள்ளே போன நீர் இவ்வளவு, வெளியே வந்த மூத்திரம் இவ்வளவு என்று மணிக்கணக்கில் எழுதிவைக்கப் போதுமான நர்சுகள் வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலை அளவில்லாமல் ஏற்றினாலும் நுரையீரலில் நீர் கோத்து ஆள் மூச்சு முட்டிச் சாகக்கூடுமாதலால், இந்தக் கணக்கு அலங்காரத்துக்கல்ல, உயிருக்கு.

அன்னவாசல் தோழர்களும் மற்ற ஊர்த் தோழர்களும் செய்யவேண்டிய காரியம் பெரிதல்ல. வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் ஒரு டம்ளரையும் ஒரு பழைய பாட்டிலையும் ஒதுக்கி வையுங்கள். என்ன குடித்தார், எவ்வளவு மூத்திரம் போனார் என்று எழுதுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது போகவேண்டும். நாலு முதல் ஆறு மணி நேரம் போகவே இல்லையென்றாலும், ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், தூங்கி வழிதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும், காய்ச்சல் இருக்கிறதா விட்டதா என்று பார்க்காமல் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிழைத்து வந்தவருக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருதரம் சோதனை செய்து பாருங்கள்.

நேர்த்திக்கடனை நிறைவேற்றியே ஆகவேண்டுமென்பவர்கள் ஆள் பிழைத்த பிறகு சாவகாசமாக யோசித்துக் கொள்ளலாம். ஆத்தாள் காத்திருப்பாள், சிறுநீரகம் காத்திருக்காது.