பச்சை இறைச்சிக்குப் பரிசோதனைச் சீட்டு எங்கே?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

நாய் நன்றியுள்ள பிராணி என்று சின்ன வகுப்பில் கட்டுரை எழுதாதவர் நம்மில் எவரும் இரார். அந்த நன்றியுள்ள பிராணி எதைத் தின்ன வேண்டும் என்பது பற்றி மேலை நாடுகளில் இன்று பெரிய வழக்கே நடந்து கொண்டிருக்கிறது. ஆலையில் வேகவைத்து உலர்த்திய தீனி வேண்டாம். பச்சை இறைச்சியும் எலும்பும் ஈரலுமே நாய்க்கு உரிய உணவு என்கிறது ஒரு கட்சி. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் அயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இக்கட்சிக்குப் பெரும் ஊக்கம் தந்தது. முதலில் அவரவர் வீட்டில் அரைத்துக் கொடுத்தார்கள். பின்னர் அதுவே வணிகமாயிற்று. அரைத்து, உறையவைத்து, அழகிய பையில் அடைத்து, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

“மனிதன் உண்ணும் உணவிலேயே கலப்படம் மலிந்திருக்க, நாய்த் தீனியின் தரம் பற்றி ஒரு கட்டுரையா?” என்று நண்பர்கள் கேட்கலாம். நான் பேச விரும்புவது நாயைப் பற்றி மட்டுமன்று. இந்தச் சரக்கை வாங்குபவர் ஒருவர். உண்பது வாயில்லாப் பிராணி. நோய் வந்தால் படுக்கையில் விழுவதோ வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். இத்தகைய பொருளின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? அதுவே என் கேள்வி.

விற்பவர்கள் முதலில் காட்டுவது ஓநாயை. “நாயின் மூதாதை ஓநாய், ஓநாய் உண்டது பச்சை இறைச்சி, ஆகவே எங்கள் பை உயர்ந்தது” என்பது அவர்கள் வாதம். 2013ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேஸ் நொதிக்குரிய மரபணு, ஓநாயிடம் 2 படிகளே உள்ளது. நாய்களிடமோ 4 முதல் 30 படிகள் வரை காணப்பட்டது. மனிதனோடு வாழ்ந்து, அவன் தானியத்தில் பங்கு பெற்று, நாய் மாறிவிட்டது. இதனால் பச்சை இறைச்சி தீது என்று ஆகிவிடாது. ஆனால் ஓநாயின் படம் தரத்துக்குச் சான்றாகாது என்பது உறுதி.

அடுத்துப் பையின் பின்புறத்தைப் பார்ப்போம். அங்கே புரதம், கொழுப்பு, நார், ஈரம் ஆகியவற்றின் சதவிகிதம் அச்சிடப்பட்டிருக்கும். இதை அப்படியே படித்தால் ஏமாந்து போவோம். ஒரு கணக்குப் போடுவோம். பச்சை உணவு ஒன்றில் ஈரம் 70, புரதம் 14, கொழுப்பு 12 சதவிகிதம் என்று கொள்வோம். ஈரத்தை நீக்கினால் எஞ்சுவது 30 பங்கு. அந்த உலர்பொருளில் புரதம் ஏறத்தாழ 47 சதவிகிதம். கொழுப்போ 40 சதவிகிதம்! கொழுப்பு தரும் கலோரி புரதத்தினும் இருமடங்குக்கு மேல் என்பதால், இவ்வுணவின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பிலிருந்தே வருகிறது. முன்பக்கத்தில் செக்கச்செவேலென்று இறைச்சித் துண்டு. பின்பக்கக் கணக்கிலோ கொழுப்பின் ஆட்சி. ஈரம் நீக்கிக் கணக்கிடாமல் இரண்டு தீனிகளை ஒப்பிடுவது வீண்.

அந்தப் புரத எண்ணும் முழு உண்மையைச் சொல்லாது. வேதியியல் ஆய்வகத்தில் நாம் கேள்விப்படும் கெல்டால் முறை நைட்ரஜனைத்தான் அளக்கிறது. புரதத்தின் அளவு அதிலிருந்து கணக்கிடப்படுகிறது. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்கப்பட்ட நாய், பூனை உணவுகளுக்கான மூலப்பொருளில் நைட்ரஜன் மிகுந்த மெலமைனைக் கலந்து புரதக் கணக்கை உயர்த்திக் காட்டினார்கள். சிறுநீரகம் கெட்டுப் பல பிராணிகள் மாண்டன. அது பச்சை உணவில் நேர்ந்ததன்று. ஆயினும் எண்ணை மட்டும் நம்புவோர்க்கு அது ஒரு பாடம்.

மூன்றாவது, உணவின் நிறைவு. எலும்பில்லா இறைச்சியில் சுண்ணாம்புச்சத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் உண்டு. நாய்க்கு வேண்டியதோ, பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் சுண்ணாம்புச்சத்து ஒன்று முதல் இரண்டு பங்கு. இந்தச் சமன் இல்லாத உணவை மட்டுமே தின்னும் குட்டியின் எலும்பு நலியும். அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம் இதற்கெல்லாம் அளவு வகுத்திருக்கிறது. அவ்வளவுக்கு இணங்கிய உணவில் ‘முழுமையானது, சமச்சீரானது’ என்ற வாசகமும், எந்த வயது நாய்க்கு என்பதும் இருக்கும். ‘இடையிடையே மட்டும் கொடுக்க’ என்று பொடி எழுத்தில் இருந்தால், அது அன்றாட உணவன்று.

இவ்வளவும் படித்தவர் ஒருவர் தாமே சரிபார்க்கக் கூடியவை. பார்க்க முடியாத ஒன்று உண்டு. அதுவே கிருமி.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், 196 பச்சை உணவு மாதிரிகளில் 15இல் சால்மொனெல்லாவும் 32இல் லிஸ்டீரியாவும் இருந்தன. 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், உறையவைத்த 35 சரக்குகளைச் சோதித்தபோது 28இல் முக்கியமான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத ஈ.கோலை கிடைத்தது. உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று எண்ணுவோர் பலர். அது உறங்குகிறதே தவிரச் சாவதில்லை. 2017இல் இங்கிலாந்தில் ஓ157 வகை ஈ.கோலையால் நால்வர் நோயுற்று ஒருவர் இறந்தார். அந்த நால்வரில் மூவர், பச்சைக் குடல் இறைச்சி தின்ற நாய்களோடு பழகியவர்கள்.

“நாயின் வயிறு எதையும் தாங்கும், நாம் சமைக்க வாங்கும் இறைச்சியிலும் கிருமி இல்லையா?” என்று எதிர்க்கட்சியினர் கேட்கிறார்கள். உண்டுதான். ஆனால் நாம் அதை வேகவைக்கிறோம். இது வேகாமலே தட்டுக்கு வருகிறது. நாய் நோயின்றித் துள்ளித் திரிந்தபடியே கிருமியை மலத்தில் வெளியேற்றக்கூடும். அதன் தட்டைக் கழுவுபவர் வீட்டுப் பெண்மணி. அதைக் கட்டிப்பிடித்து விளையாடுவது குழந்தை. அவர்கள் வயிறும் எதையும் தாங்குமா?

வழி இல்லாமல் இல்லை. வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 6,000 மடங்கு அழுத்தம் கொடுத்து, வேகவைக்காமலே கிருமிகளைப் பெருமளவு குறைக்கும் முறையைச் சில ஆலைகள் கையாளுகின்றன. “அப்படிச் செய்தால் அது பச்சை உணவே அன்று” என்று தூய்மைவாதிகள் முகம் சுளிக்கிறார்கள். ஒரு சொல்லின் தூய்மைக்காக ஒரு குழந்தையின் குடலைப் பணயம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனவே என் கருத்து இது. ஒவ்வொரு பையிலும் தயாரிப்புத் தொகுதி எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியும் பரிசோதனை முடிவு வரும்வரை கிடங்கிலேயே காத்திருக்க வேண்டும். அந்த முடிவு, கேட்பவர் எவர்க்கும் காட்டப்பட வேண்டும். உணவைத் திட்டமிட்டவர் யார், அவர் கற்றது என்ன என்பதையும் நிறுவனம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவற்றுக்கு விடை தராத பை எத்தனை விலை உயர்ந்ததாயினும் தரமானதென்று ஏற்கலாகாது.

நண்பர்களே, கணக்குப் போட்டுப் பார்க்கும் பொறுப்பு வாங்குபவருடையது. கண்ணுக்குத் தெரியாததைச் சோதித்துக் காட்டும் பொறுப்பு விற்பவருடையது. அந்த இரண்டாவது பொறுப்பையும் “கையை நன்றாகக் கழுவுங்கள்” என்ற ஒரு வரியால் வாங்குபவர் தலையில் கட்டிவிடுவது வணிக அறமாகாது. அறிவியல் பயிலும் நாம், எந்தப் பையைக் கையில் எடுத்தாலும், படத்தைப் பார்க்குமுன் சான்றைக் கேட்கப் பழகுவோம்.